நிறம் மாறினால் வேதிமாற்றமா? பொருள்களின் பண்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்பியல் பண்பு, வேதிப்பண்பு என்று பிரிக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: கண்ணில் பட்ட அறிகுறியையே முடிவாக எடுத்துக்கொள்வது. நிறம் மாறியது, குமிழி வந்தது, திடப்பொருள் மறைந்தது, பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பவை வெறும் தடயங்கள்தான். கடைசியில் இருப்பது அதே பொருளா, வேறு பொருளா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கருஞ்சாம்பல் நிற அயோடின் படிகம் சூடானதும் ஊதா ஆவியாகிறது. நிறம் அடியோடு மாறினாலும் அது அயோடின்தான். கொதிநீரில் எழும் குமிழியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பதாக நினைப்பவர்கள் இன்னமும் உண்டு. உள்ளே இருப்பது நீராவி. அதற்கு முன்பே, நீர் வெதுவெதுப்பாகும்போது பாத்திரத்தின் சுவரில் ஒட்டும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று.

‘மீளக்கூடியது இயற்பியல் மாற்றம், மீளாதது வேதிமாற்றம்’ என்ற சூத்திரத்தை மறந்துவிடுவது நல்லது. நொறுங்கிய கண்ணாடி தானாக ஒட்டாது, ஆனாலும் அது கண்ணாடியே. மறுபக்கம் மயில்துத்தத்தை, அதாவது நீரேறிய காப்பர் சல்பேட்டைப் பாருங்கள். நீலப் படிகத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் வெளியேறி வெள்ளைத் தூள் மிஞ்சும், 2.50 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 1.60 கிராம் நிற்கும். அதில் சில சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும், சூடும் பிறக்கும். மீள்கிறது, ஆனாலும் வேதிமாற்றம். இதைச் செய்யும்போது சோதனைக்குழாயின் வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய்ப்பக்கம் குளிர்ந்து திரளும் நீர், சூடான அடிப்பகுதிக்கு வழிந்து கண்ணாடியை வெடிக்கவைக்கும். சுடரும் மென்மையாக இருக்கட்டும். தூள் கறுக்க ஆரம்பித்தால் காப்பர் ஆக்சைடு உருவாகிறது என்று பொருள். அதன்பின் நீர் விட்டு நீலத்தை எதிர்பார்க்க முடியாது.

‘துத்தநாகம் அமிலத்தில் கரைந்தது’ என்று எழுதுவதும் குழப்பம்தான். உப்பு நீரில் கரைந்தால், நீரை ஆவியாக்கி உப்பையே திரும்பப் பெறலாம். துத்தநாகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு ஆவியாக்கினால் கிடைப்பது துத்தநாக குளோரைடு. அம்மோனியம் குளோரைடைப் பதங்கமாதலுக்கு, அதாவது திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதற்கு, எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அது சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த பரப்பில் மறுபடி சேர்கிறது. பதங்கமாதலுக்கு அயோடினையோ நாப்தலினையோ காட்டுவது பாதுகாப்பான விடை.

பண்பையும் மாற்றத்தையும் ஒன்றாகக் கருதாதீர்கள். பற்றவைக்காத காகிதத்துக்கும் எரியும் பண்பு உண்டு. ஆனால் வேதிப்பண்பைச் சோதித்தால் அந்த மாதிரி அழிந்துவிடும். ஆகவே நிறை, அடர்த்தி, உருகுநிலை ஆகியவற்றை முதலில் எடுத்துவிட்டு, ஒரு சிறு பகுதியை மட்டும் அமிலத்துக்கோ சுடருக்கோ கொடுங்கள். முகர்ந்தோ சுவைத்தோ பார்ப்பது எந்தப் பட்டியலிலும் வேண்டாம்.

அடர்த்தியில் சூத்திரம் (நிறையைக் கன அளவால் வகுப்பது) யாருக்கும் தவறுவதில்லை, அளவீடுதான் தவறுகிறது. 5.4 கிராம் அலுமினியத்தின் கன அளவு 2 மில்லிலிட்டர். 1 மில்லிலிட்டர் கோடுகள் உள்ள அளவு ஜாடியில் அரைக்கோடு கூடுதலாகப் படித்துவிட்டால் 2.70 வரவேண்டிய இடத்தில் 2.16 வரும். அதே அரைக்கோடு 54 கிராம் துண்டில் தவறினால் விடை 2.63. பெரிய துண்டை எடுங்கள், அல்லது ஒரே பொருளின் பல துண்டுகளைச் சேர்த்துப் போடுங்கள். உலர்ந்த நிலையில் எடைபோட்ட பிறகே நீரில் இறக்க வேண்டும். ஜாடியைச் சாய்த்துத் துண்டை வழுக்கிவிட்டு, ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டி விலக்கி, நீர்ப்பரப்பின் வளைவில் கீழ்விளிம்பைக் கண்மட்டத்தில் படியுங்கள். பாதரசமானால் மேல்விளிம்பு. நீரில் கரையும் பொருளுக்கு, அது கரையாத வேறு திரவம் தேவை. இன்னொன்று: நிறைகளைக் கூட்டலாம், கன அளவுகளை அப்படிக் கூட்ட முடியாது. 50 மில்லிலிட்டர் எத்தனாலும் 50 மில்லிலிட்டர் நீரும் சேர்ந்தால் 100 வராது, 96 அல்லது 97 வரும்.

அழுத்தம் சொல்லாத கொதிநிலை அரைகுறைத் தகவல். நீரின் 100 டிகிரி செல்சியஸ் என்பது 101.325 கிலோபாஸ்கலுக்கு உரியது. எவரெஸ்ட் உச்சியில் ஏறக்குறைய 70 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு கிலோ நீரில் 58 கிராம் உப்பு கரைந்திருந்தால் கொதிநிலை 1 டிகிரி அளவுக்கு ஏறும்.

உருகுநிலை எடுக்கும்போது அவசரம் ஆகாது. நுண்குழாயில் 2 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூள் போதும். எதிர்பார்க்கும் புள்ளியை நெருங்கியதும் நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி வேகத்தில் சூடேற்றுங்கள். வேகம் கூடினால் வெப்பமானி ஒன்று காட்டும், தூள் வேறொன்றில் இருக்கும். தூய பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் சட்டென உருகும். மாசு கலந்திருந்தால் அதற்குக் கீழேயே தொடங்கி, சில டிகிரிகளுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

கூர்மையாக உருகிவிட்டது என்பதற்காகப் பொருள் இன்னதென்று உறுதியாகிவிடாது. யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133 டிகிரியை ஒட்டியே உருகுகின்றன. சந்தேகம் இருந்தால், கையிலுள்ள மாதிரியைத் தெரிந்த யூரியாவுடன் சரிபாதி கலந்து அரைத்து மறுபடி சூடேற்றுங்கள். 133 மாறாமல் நின்றால் அது யூரியா. மிகவும் கீழே இறங்கினால் வேறு பொருள்.