குளுக்கோமீட்டர் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

அடுத்தடுத்து இருமுறை விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்ததில் 142, 151 என்று வந்தால் கருவி கெட்டுவிட்டதாகப் பொருளல்ல. அளவீட்டில் துல்லியம் என்பதற்குள் இரண்டு சங்கதிகள் உண்டு. திரும்ப அளந்தாலும் ஏறத்தாழ அதே எண்ணைத் தருவது ஒன்று. அந்த எண் உண்மை அளவை ஒட்டியிருப்பது மற்றொன்று. எப்போதும் 30 கூட்டியே காட்டும் கருவி முதலாவதில் ஜோராகத் தேறிவிடும்! ஆகவே வீட்டிலேயே பலமுறை குத்திச் சோதிப்பதில் பயனில்லை, விரல்தான் புண்ணாகும்.

வெறும் வயிற்றில் ஆய்வகத்துக்கு ரத்தம் கொடுக்கும்போதே, ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் கருவியிலும் பாருங்கள். சாப்பிட்ட பின் ஒப்பிட வேண்டாம். அப்போது, ஆய்வகத்தில் கைச் சிரையிலிருந்து எடுக்கும் ரத்தத்தைவிட விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இத்தகைய கருவிகளுக்கான பன்னாட்டுத் தரவிதியான ஐஎஸ்ஓ 15197, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் வரையும், அதற்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் வரையும் வேறுபாட்டை ஏற்கிறது. ஆய்வகம் 140 என்றால், 119 முதல் 161 வரை கவலையில்லை.

அதையும் தாண்டுகிறதா? புதுக் கருவி வாங்கும் முன் சோதனைப் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். கையைச் சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள். பழம் உரித்த விரல் ஒன்றே போதும், எண்ணைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.