ஹார்மோன் மாத்திரைக்கு முன்னால் வருசக் கணக்கைப் பாருங்க

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற என் சின்னம்மாவுக்கு 49 வயது. மார்கழிக் குளிரிலும் திடீரென்று முகம் சிவந்து, காதோரம் வேர்வை வழிய, டேபிளில் கிடக்கும் வெட்டுத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார். உடம்புச்சூடு என்று இளநீர், வெந்தயத்திலேயே ஒரு வருசம் போய்விட்டது. மாதவிடாய் நிற்கும்போது வரும் சூடு அது, ஹார்மோன் மாத்திரைக்கு நன்றாகவே அடங்கும். "அது ஆளைக் கொன்னுடுமாமே கண்ணு" என்று பயந்தார்.

பயம் 2002இல் வந்தது. அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும், புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்கள். வருசத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் 8 பேருக்குப் பக்கவாதமும் கூடுதலாக வந்திருந்தது. ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை! அதே ஆய்வின் 18 வருசக் கணக்கு 2017இல் வந்தபோது, ஹார்மோன் எடுத்தவர்களில் இறந்தவர்கள் 27.1 சதவீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 27.6. மாத்திரை எடுத்த காலத்தில் 50-59 வயதுக்காரர்களிடம் சாவு குறைவாகவே இருந்தது, 70 தாண்டியவர்களிடம் அந்த நன்மை இல்லை.

அதனால் முதலில், கடைசியாகத் தீட்டு வந்த மாதத்தை எழுதி வையுங்க. 60 வயதுக்குள், அல்லது நின்று 10 வருசத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்மை அதிகம். 68 வயது அம்மாயிக்கு மீதி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

அப்புறம் கர்ப்பப்பை. இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயம், கூடவே புரோஜெஸ்ட்ரோன் வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். ஆபரேசனில் சினைப்பையையும் எடுத்தார்களா என்பது பலருக்குத் தெரிவதில்லை, சின்னம்மாவும் பீரோவைக் குடைந்து பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடித்தான் கண்டுபிடித்தார். அந்தச் சீட்டோடு போங்க.

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி, ஈரல் கோளாறு இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க. ரத்தக்கட்டி பயம் இருந்தால் தோலில் ஒட்டும் பேட்ச், பூசும் ஜெல் பற்றிக் கேளுங்க, மாத்திரையைவிட அதில் அந்த அபாயம் குறைவு. ஆயுசு கூடும் என்று மட்டும் இதை ஆரம்பிக்காதீங்க. வருசம் ஒருமுறை தொடரலாமா என்று கேட்டாக வேண்டும். நின்றுபோன பிறகு ரத்தம் பட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீங்க, அந்த வாரமே போங்க.