ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பேசுபவர்மேல் நம்பிக்கை வரவைப்பது ஈத்தோஸ், உணர்ச்சியைத் தொடுவது பேத்தோஸ், காரணம் காட்டுவது லோகோஸ். கேட்பவரை இணங்கவைக்கும் இந்த மூன்று வழிகளும் பண்டைய கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் பிரித்துக் கொடுத்தது. ஆங்கில வகுப்பில் இந்தப் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒட்டிவிட்டு நகர்வதில்தான் சிக்கல். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய 'எனக்கொரு கனவு உண்டு' உரையை எடுத்துக்கொள்வோம்.

எண்ணைப் பார்த்ததும் லோகோஸ் என்று எழுதிவிடுகிறார்கள். 'நூறு ஆண்டுகள் கழித்தும்' என்று கிங் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த பிரகடனத்தில் அதிபர் லிங்கன் கையெழுத்திட்டது 1863-இல், கணக்கு சரி. ஆனால் அந்த நூறு புள்ளிவிவரமாக ஒலிக்கவில்லை, 'இன்னுமா?' என்ற ஆற்றாமையாக ஒலிக்கிறது. பேத்தோஸ் என்றால் அழவைப்பது என்பதும் தப்பு. கனவைச் சொல்லும் பகுதி முழுக்க நம்பிக்கை, அதுவும் பேத்தோஸ்தான்.

ஈத்தோஸ் கதை இன்னும் மோசம். நோபல் பரிசு பெற்றவர் என்பதால் மக்கள் நம்பினார்கள் என்று எழுதுவார்கள். பரிசு கிடைத்ததே 1964-இல்! வாழ்க்கைக் குறிப்பை விட்டுவிட்டுப் பேச்சுக்குள் தேட வேண்டும். லிங்கன் சிலைக்கு முன் நின்று, அவருடைய கெட்டிஸ்பர்க் உரையைப் போலவே ஆண்டுகளை இருபது இருபதாக எண்ணித் தொடங்கி, லிங்கன் மேல் மக்களுக்கு இருக்கும் மதிப்பைத் தன் பேச்சுக்கும் சேர்த்துக்கொள்கிறாரே, ஈத்தோஸ் அங்கே இருக்கிறது.

அப்புறம், 'லைக்' (like, அதாவது 'போல') என்ற சொல் வந்தாலே உவமை என்று வட்டம் போடுவது. 'அவள் அம்மாவைப் போலப் பாடுகிறாள்' என்பது வெறும் ஒப்பீடு. நீதி தண்ணீரைப் போலப் பாயட்டும் என்று பைபிளின் ஆமோஸ் நூலிலிருந்து கிங் எடுத்தாளும் வரிதான் உவமை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, உருவகத்தை வெறும் அலங்காரமாக நினைப்பது. அரசியல் சாசனமும் சுதந்திரப் பிரகடனமும் ஒவ்வொரு அமெரிக்கருக்கும் எழுதிக் கொடுத்த புரோநோட்டு என்கிறார் கிங். கறுப்பின மக்களுக்குத் தந்த செக் மட்டும் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. செக் வைத்திருப்பவர் தயவு கேட்கவில்லை, தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறார். வாதம், கோபம் இரண்டும் அந்த ஒரே உருவகத்துக்குள் இருக்கின்றன. நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்பதை நம்ப மறுக்கிறோம் என்று அடுத்து சொல்லும்போது, எதிர்த்தரப்புக்கு இரண்டே வழி: ஒன்று பணத்தைக் கொடு, இல்லையென்றால் திவால் என்று ஒத்துக்கொள். இதை 'உருவகம், பேத்தோஸ்' என்று முடித்தால் மார்க் எப்படி வரும்? செக்கைச் சொல்லாமல் 'எங்களுக்கு உரிமை வேண்டும்' என்று மட்டும் கேட்டிருந்தால் எது குறைந்திருக்கும்? விடைத்தாளில் எழுத வேண்டியது அதைத்தான்.