அக்காவும் தம்பியும் ஒரே வட்டத்தில்: வீட்டிலேயே சுமோ பழக்குவது எப்படி?

பிள்ளைகளுக்கு ஜப்பானியத் தற்காப்புக் கலை பழக்க வேண்டும் என்றால் நம் ஆட்கள் நேராகப் போய் நிற்பது கராத்தே வகுப்பில்தான். வெள்ளை உடுப்பு, கலர் பெல்ட், மாதக் கட்டணம். பெரிய பிள்ளை உள்ளே கத்திக்கொண்டு குத்தும். சின்னது வாசலில் செருப்புகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. அவனை வகுப்பில் சேர்க்க இன்னும் வயதாகவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து கற்றதைச் செய்து காட்டுவாள், அவன் குறுக்கே ஓடுவான். ஒருநாள் உதை பட்டு உதடு கிழிந்தது.

அப்புறம்தான் ஜப்பானிய மல்யுத்தமான சுமோ பக்கம் திரும்பினோம். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அதைக் குண்டு ஆட்களின் சண்டை என்று நினைக்காதீர்கள். கராத்தே, ஜூடோ, கெண்டோவோடு சேர்த்து ஜப்பானில் எண்ணும் ஒன்பது 'பூதோ' (தற்காப்பு) கலைகளில் அதுவும் ஒன்று. விதி இரண்டே வரி: வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் தோல்வி; உள்ளங்காலைத் தவிர உடம்பின் வேறு எந்த இடம் தரையைத் தொட்டாலும் தோல்வி. நான்கு வயதுக்காரனுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். செலவு, ஒரு கயிறு.

1. முதல் நாள் காகித மல்லர்கள்

உடம்பை வைத்து ஆரம்பிக்காதீர்கள், காகிதத்தில் ஆரம்பியுங்கள். இதற்கு 'டொன்டொன் சுமோ' என்று பெயர். 'டொன்டொன்' என்பது விரலால் தட்டும் ஓசை. நம் 'டொக் டொக்' மாதிரி.

ஒரு காலணிப் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். அதன் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் வரையுங்கள். அழைப்பிதழ் தடிமனில் உள்ள அட்டையை இரண்டாக மடித்து, மடிப்பு முதுகுப் பக்கம் வருமாறு நிறுத்தி, முன்பக்கம் ஒரு மல்லரை வரையச் சொல்லுங்கள். உயரம் நான்கு விரல்கடை இருந்தால் போதும். இரண்டு மல்லர்களையும் எதிரெதிரே சாய்த்து நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தட்ட வேண்டும். எது விழுகிறதோ, வட்டத்தைத் தாண்டுகிறதோ, அது தோற்றது.

மகள் அழகாக, ஒல்லியாக, கொண்டையெல்லாம் வைத்து ஒரு மல்லர் செய்தாள். மகனுடையது கோணலாக வெட்டிய ஒரு உருளைக்கிழங்கு. அடி அகலமாக இருந்ததால் அது அசையவே இல்லை. அக்காவின் அழகர் மூன்றாவது தட்டிலேயே மல்லாந்தார். உடனே அவளும் கத்தரிக்கோலை எடுத்து, அடியை அகலமாக வைத்து இன்னொன்று வெட்டினாள். காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது எதற்கு என்று நான் அதன்பிறகு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இதிலேயே இரண்டு மூன்று நாள் போகட்டும். அவசரம் வேண்டாம்.

2. வட்டம்

உண்மையான களத்தின் பெயர் 'தொஹ்யோ'. களிமண்ணை இறுக்கிச் செய்த மேடை அது. உள்வட்டத்தின் குறுக்களவு 4.55 மீட்டர். வீட்டுக்கு இரண்டு மீட்டர் தாராளம். பருத்திக் கயிற்றை வட்டமாகப் போட்டு அங்கங்கே டேப் ஒட்டுங்கள். சுவர், கட்டில் கால், மேசை முனை எதுவும் கயிற்றிலிருந்து ஒரு மீட்டருக்குள் வரக் கூடாது.

தரைதான் முக்கியம். எங்களிடம் தாதாமி (தடித்த ஜப்பானியப் பாய்) பதித்த அறை இருக்கிறது, பிரச்சினை இல்லை. டைல்ஸ் தரையில் கோரைப்பாயையோ யோகா பாயையோ விரித்து ஆடவிடாதீர்கள். இரண்டு பேர் தள்ளும்போது பாயே வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றோடொன்று கோக்கும் பஞ்சுத் தரைவிரிப்புத் துண்டுகள் நல்லது. வெறுங்கால், வெட்டிய நகம், கழற்றிய கண்ணாடி. மல்லர்கள் கட்டும் 'மவாஷி' கச்சை இப்போதைக்கு வேண்டாம். கேட்டு அடம்பிடித்தால் டிரவுசருக்கு மேல் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிவிடுங்கள். உப்பு எறிவதற்கும் அடம்பிடிப்பார்கள். நான் ஒருமுறை அனுமதித்துவிட்டு இரண்டு நாள் தாதாமி இடுக்கிலிருந்து உப்பைக் கூட்டினேன். காகிதத்தைக் கிழித்து எறியச் சொல்லுங்கள்.

3. வணக்கமும் ஷிகோவும்

வட்டத்தில் நுழையும்போது குனிந்து வணங்குவது, ஆடி முடிந்ததும் வணங்குவது. வென்றவர் குதிக்கக் கூடாது, தோற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகக் கூடாது. 2009-ல் யோகோசுனா (சுமோவின் உச்சப் பட்டம் பெற்றவர்) அசாஷோர்யூ கோப்பையை வென்ற சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியதற்கே இங்கே பெரிய கண்டனம் எழுந்தது. இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் விதியை மறப்பதில்லை. (நான் ஒருமுறை மறந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கண்டித்தார்கள்.)

அடுத்தது ஷிகோ. தோளைவிட அகலமாகக் காலை வைத்து, முட்டியை வெளிப்பக்கம் மடக்கி உட்கார்ந்த நிலை. எடையை ஒரு காலுக்கு மாற்றி, மறுகாலைப் பக்கவாட்டில் தூக்கி, கீழே வைத்து மறுபடி தாழ வேண்டும். இச்சி, நீ, சான், ஷி, கோ என்று ஐந்து வரை எண்ணி, பக்கத்துக்கு ஐந்து. அக்கா எண்ண, தம்பி செய்யட்டும். அடுத்த சுற்றில் தம்பி எண்ணட்டும். அவனுக்குச் சமநிலை வராது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு செய்தால் வரும். மாடிவீட்டில் இருப்பவர்கள் காலை மெதுவாக வைக்கப் பழக்குங்கள். எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி மிகவும் மரியாதையாக ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போட்டார்.

4. விழக் கற்பது

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். உத்தியை ஜூடோவிலிருந்து கடன் வாங்கலாம். தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, குந்திய நிலையிலிருந்து முதுகை உருண்டையாக வளைத்துப் பின்னால் சரிய வேண்டும். முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் இரண்டு கையும் பக்கவாட்டில் தரையை அறைய வேண்டும். கண் தொப்புளைப் பார்க்க வேண்டும். பின்னந்தலை தரையில் படவே கூடாது. தாடைக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையைச் செருகி, "இது கீழே விழாம உருளு" என்று சொன்னால் சின்னவர்களுக்கும் பிடிபடும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஒரு வாரம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜப்பானியப் பள்ளிகளில் 1983-க்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் ஜூடோவின்போது நூறு பேருக்கும் மேல் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலைக்காயம், அதிலும் காலை வாரிப் பின்பக்கம் சாய்க்கும் வீச்சுகளில். அதனால் வீட்டு விதி: காலை இடறுவது, வாருவது, தூக்கிப் போடுவது எதுவும் இல்லை. தலையால் முட்டுவதும் முகத்தில் கை வைப்பதும் கிடையாது. உள்ளங்கை, எதிராளியின் நெஞ்சு, தோள், அவ்வளவுதான்.

5. நெஞ்சைக் கடன் கொடுப்பது

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் பெரிய பிள்ளைக்கு நாம் சொல்லும் ஒரே மந்திரம்: "சின்னவன்தானே, விட்டுக்கொடேன்." அவளுக்கு அது தண்டனை. அவனும் முட்டாள் இல்லை. வேண்டுமென்றே தோற்கிறாள் என்று தெரிந்ததும் ஆட்டத்தையே கலைத்துவிடுவான்.

சுமோ கூடங்களில் 'முனே ஓ கசு' என்று ஒரு பேச்சு உண்டு. நெஞ்சைக் கடன் கொடுப்பது என்று பொருள். மூத்த மல்லர் நெஞ்சைத் திறந்து நிற்பார். இளையவர் பாய்ந்து வந்து மோதி, வட்டத்தின் விளிம்புவரை அவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மூத்தவர் எடையைக் கொடுத்துக்கொண்டே பின்னால் சறுக்குவார். கடைசியில் இளையவரை உருட்டிவிடுவார், அவர் எழுந்து மறுபடி வருவார். இதில் மூத்தவர் தோற்பதும் இல்லை, ஜெயிப்பதும் இல்லை. அது பெரியவர்களுக்கு மட்டுமே உரிய வேலை, மதிப்பான வேலை.

செய்முறை: முதலில் நீங்கள் கடன் கொடுங்கள். வட்டத்தின் நடுவில் ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து, தாழ நில்லுங்கள். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து தள்ளட்டும். இங்கே மல்லர்கள் ஊர் ஊராகப் போகும் சுற்றுப்பயணங்களில் இப்படி ஒருவர்மேல் நாலைந்து குழந்தைகள் தொங்குவது வழக்கமான காட்சி. பத்து எண்ணும்வரை அசையாமல் நில்லுங்கள், பிறகு அங்குலம் அங்குலமாக நகருங்கள். என் தொப்பை முதன்முறையாக வீட்டுக்குப் பயன்பட்டது இதில்தான்.

இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தை மகளுக்குக் கொடுத்தேன். "இன்னிக்கு நீதான் நெஞ்சு கொடுக்கிற ஆள்" என்றதும் அவள் நின்ற நிற்பே மாறிவிட்டது. அவன் மோதினான், அவள் இரண்டடி சறுக்கினாள். "இடுப்பை இறக்குடா, கையை மேல தூக்காத" என்று சொல்லிக்கொண்டே சறுக்கினாள். தம்பிக்குச் சொல்லிக்கொடு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. நான் அவளுக்குச் சொல்லிவந்ததைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள்.

ஒரு தடவைக்கு ஐந்து மோதல், அதற்கு மேல் வேண்டாம். அவளுக்குச் சலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

6. நடுவர்

சும்மா இருக்கும் பிள்ளையை நடுவராக்குங்கள். பெயர் 'கியோஜி'. கையில் ஒரு விசிறி. ஆட்டம் ஓடும்போது "நொகொத்தா, நொகொத்தா" என்று கத்த வேண்டும். இன்னும் வட்டத்துக்குள்தான் இருக்கிறாய் என்று அர்த்தம். இரண்டு பேரும் அசையாமல் நின்றுவிட்டால் "ஹக்கேயோய்!" என்று உசுப்ப வேண்டும். முடிந்ததும் வென்ற பக்கம் விசிறி நீட்ட வேண்டும். மேல்நிலை கியோஜிகள் இடுப்பில் ஒரு குறுவாள் செருகியிருப்பார்கள். தீர்ப்பு தவறினால் உயிரையே விடத் தயார் என்பதன் அடையாளம். மகனுக்கு இந்த வேலையில் எடுத்த எடுப்பிலேயே மோகம். அம்மாவும் அப்பாவும் மோதும்போது அவன் கொடுத்த தீர்ப்புகள் எதுவும் நியாயமானவை அல்ல, அது வேறு விஷயம்.

"உன் கால்தான் வெளியே போச்சு", "இல்ல, உன்னுது" என்று தகராறு வரும். நிஜக் களத்திலும் வரும். 1969 மார்ச்சில், மாபெரும் யோகோசுனா தைஹோ தொடர்ந்து 45 வெற்றி பெற்றிருந்தபோது, தோடா என்பவரிடம் தோற்றதாகத் தீர்ப்பானது. முதலில் வெளியே போனது தோடாவின் கால்தான் என்று புகைப்படம் காட்டியது. அடுத்த போட்டியிலிருந்து நடுவர்கள் வீடியோ பார்க்க ஆரம்பித்தார்கள். நீங்களும் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுங்கள். அதிலும் தெரியாவிட்டால் 'தொரினாவோஷி', அதாவது மறு ஆட்டம்.

7. அக்காவும் தம்பியும் மோதும்போது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தொழில்முறை சுமோவில் உடன்பிறந்தவர்களை வழக்கமான ஆட்டங்களில் மோதவிட மாட்டார்கள். இருவரும் சம வெற்றியோடு முடித்து, கோப்பைக்கான கூடுதல் ஆட்டம் வந்தால் மட்டுமே விதிவிலக்கு. 1995 நவம்பரில் அப்படி அண்ணன் வாகனோஹானாவும் தம்பி தாகனோஹானாவும் நின்றார்கள். அண்ணன் வென்றார். வீட்டிலும் அதே விகிதம் போதும்: பத்து ஆட்டத்தில் எட்டு அப்பா அம்மாவோடு, இரண்டு அக்கா தம்பிக்குள்.

அந்த இரண்டையும் உள்ளங்கைச் சுமோவாக, 'தெஓஷி சுமோ'வாக வையுங்கள். ஒரு கை தூரத்தில் எதிரெதிரே நின்று உள்ளங்கையால் உள்ளங்கையைத் தள்ள வேண்டும். கால் நகர்ந்தால் தோல்வி. கையைத் தவிர வேறெங்கு தொட்டாலும் தோல்வி. தந்திரம், தள்ளுவதில் இல்லை; அவள் பலமாகத் தள்ள வரும்போது கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வதில் இருக்கிறது. வேகத்தில் அவளே முன்னால் சரிவாள். இதில் வயதுக்கும் எடைக்கும் வேலை குறைவு. முழு ஆட்டம் வேண்டும் என்றால் அக்கா முட்டிபோட்டு ஆடட்டும், அல்லது ஒற்றைக் கால். அதை ஆட்டத்துக்கு முன்னால் அவளே அறிவிக்கட்டும்.

மகள் ஒருமுறை டோக்கியோவின் ரியோகோகுவில் உள்ள கொகுகிகான் சுமோ அரங்கின் மேடையைக் காட்டி, "நான் எப்போ அதுல ஏறலாம்?" என்று கேட்டாள். அந்த மேடையில் பெண்கள் ஏறக் கூடாது என்பது இன்றைக்கும் வழக்கம். 2018-ல் ஜப்பானின் மைசுரு நகரில் சுமோ மேடையிலேயே மயங்கி விழுந்த நகரத் தலைவருக்கு முதலுதவி செய்ய ஓடிய பெண்களையே இறங்கச் சொன்னார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை, அவளிடமும் அப்படியே சொன்னேன். அமெச்சூர் சுமோவில் பெண்களுக்கு உலகப் போட்டியே நடக்கிறது. சிறுமிகளுக்கான தேசியப் போட்டி 2019-ல் ஜப்பானில் தொடங்கியிருக்கிறது. எங்கள் கயிற்று வட்டத்தில் முதலில் கால் வைப்பது எப்போதும் அவள்தான்.

எப்போது வகுப்பு?

இரண்டு மூன்று மாதம் இப்படி ஓடினால் விழவும், தாழ நிற்கவும், வணங்கவும் வந்திருக்கும். பிறகு ஜூடோ, கராத்தே, சுமோ எதில் வேண்டுமானாலும் சேருங்கள். சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள்: விழுவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள், சின்னப் பிள்ளையோடு பெரிய பிள்ளையை ஜோடி போட்டால் பெரியதிடம் என்ன சொல்கிறார்கள் என்று. தம்பி தங்கையைச் சேர்க்க மாட்டோம் என்றால், வீட்டுக்கு வந்ததும் அன்றைய பாடத்தில் ஒன்றை மட்டும் அக்கா அவனுக்கு வட்டத்துக்குள் காட்டட்டும். பத்து நிமிடம். எங்கள் வீட்டில் குக்கர் நான்காவது விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும்.