பெரியவர்களுக்குத்தான் பெரிய எழுத்தா?

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நாலு கோடு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘மை ஃபேமிலி’ என்று ஐந்து வரி எழுதியிருந்தாள். ‘மை ஃபாதர்’, ‘மை மதர்’, ‘மை கிராண்ட்மதர்’ என்று வந்த இடத்திலெல்லாம் ஃபாதர், மதர், கிராண்ட்மதர் மூன்றுக்கும் முதல் எழுத்து கேபிட்டல். தம்பி அருணின் பெயருக்கு மட்டும் ஸ்மால் ‘ஏ’. ஏன் என்று கேட்டேன். “அப்பா பெரியவங்க மிஸ், அதான் பெரிய எழுத்து. அருண் குட்டிப் பையன்தானே?” என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. நாம் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி. கேபிட்டல் லெட்டரைப் ‘பெரிய எழுத்து’ என்கிறோம். கூடவே “பேருக்கு மரியாதை கொடுக்கணும்ல, பெரிசா போடு” என்றும் சொல்லிவிடுகிறோம். தமிழ் எழுத்தில் பெரியது சின்னது என்ற பேச்சே இல்லை. குமாரும் குதிரையும் ஒரே ‘கு’வில்தான் தொடங்குகின்றன. மரியாதையை நாம் ‘வந்தார்’, ‘நீங்கள்’, ‘திரு’ என்று வேறு வழியில் காட்டுகிறோம். புதிதாக வந்த பெரிய எழுத்தைப் பிள்ளை தனக்குத் தெரிந்த அந்த மரியாதைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. முதலில் விட வேண்டிய தவறு இதுதான்.

காரணத்தை மாற்றிச் சொல்லுங்கள். ‘இது ஒருவருடைய பெயர்’ என்று காட்டும் அடையாளம்தான் அந்தக் கேபிட்டல். தொட்டிலில் கிடக்கும் பாப்பாவின் பெயருக்கும் உண்டு, நாய் மணிக்கும் உண்டு, ராவணனுக்கும் உண்டு. ராவணனைச் சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

அப்புறம் அம்மா, டாக்டர், டீச்சர் போன்ற சொற்கள். ‘மதர்’ என்றாலே கேபிட்டல் என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஐ வென்ட் வித் மதர்’ என்பதில் மதரை எடுத்துவிட்டுச் செல்வி என்று போட்டால் வாக்கியம் நிற்கிறது. அங்கே மதர் பெயராகவே வேலை செய்கிறது, கேபிட்டல் வேண்டும். ‘ஐ வென்ட் வித் மை மதர்’ என்பதில் போட்டால் ‘மை செல்வி’ என்று இடிக்கும், ஆக ஸ்மால். முன்னால் ‘மை’, ‘ஹிஸ்’, ‘தி’ நின்றால் பெரும்பாலும் ஸ்மால்தான். இதே கணக்கில் ‘டாக்டர் மீனா’ கேபிட்டல், ‘தி டாக்டர் கேம்’ ஸ்மால். மிஸ்டர், மிஸஸ் பெயரை ஒட்டியே வருவதால் அவற்றில் குழப்பம் இல்லை. ‘எஸ், சார்’ என்னும்போது ஸ்மால், கடிதத்தில் ‘டியர் சார்’ என்னும்போது கேபிட்டல் என்ற நுணுக்கத்தை மூன்றாம் வகுப்புக்கு விட்டுவிடலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணித்தால் பிள்ளை பயந்துபோய் எல்லாச் சொல்லுக்கும் கேபிட்டல் போடும்.

சில தவறுகள் பார்வைக்குத்தான் கேபிட்டல் தவறுகள். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஏழுக்கும் பெரியதும் சின்னதும் ஒரே உருவம், அளவில்தான் வித்தியாசம். சரவணனும் வினோத்தும் தங்கள் பெயரைச் சரியாகத்தான் எழுதினோம் என்று நினைப்பார்கள், நமக்கு அது ஸ்மாலாகத் தெரியும். இங்கே விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. கோட்டைக் காட்டுங்கள்: கேபிட்டல் மூன்றாவது கோட்டில் நின்று முதல் கோட்டைத் தொட வேண்டும்.

பாபு என்ற பெயரின் நடுவிலும் பெரிய ‘பி’ வந்தால் உடனே சுழிக்காதீர்கள். ஸ்மால் ‘பி’க்கும் ஸ்மால் ‘டி’க்கும் தொப்பை எந்தப் பக்கம் என்று தடுமாறும் பிள்ளைகள், குழப்பமே இல்லாத கேபிட்டலை எடுத்துப் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அந்த இரண்டு எழுத்துகளில் பயிற்சி.

இன்னொரு தவறு வீட்டில் நடக்கிறது. ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டும்போது பிள்ளையின் பெயரை முழுக்கக் கேபிட்டலில் எழுதிவிடுகிறோம். ஐடி கார்டிலும் கடைப் பலகையிலும் பெரும்பாலும் அப்படியே. பிள்ளை தன் பெயரை அந்த உருவத்திலேயே பழகிவிடுகிறது, பிறகு வாக்கியத்துக்கு நடுவிலும் அப்படியே எழுதுகிறது. லேபிளில் இனிஷியலையும் பெயரின் முதல் எழுத்தையும் மட்டும் கேபிட்டலில் எழுதுங்கள். பிள்ளை தினமும் பார்க்கும் பாடம் அது.

நல்ல பயிற்சி ஒன்று: ‘டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்’ என்பதை முழுக்க ஸ்மாலில் எழுதிக் கொடுத்து, எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். டாக்டருக்கு ஒன்று, இனிஷியல் மூன்று, பெயருக்கு இரண்டு, மொத்தம் ஆறு. பட்டம், இனிஷியல், பெயர் மூன்றும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிப்பது, நாம் சிவப்பு மையில் வட்டம் போடுவதைவிட நன்றாக மனதில் நிற்கிறது.

அந்தப் பிள்ளை அன்றே அருணுக்குப் பெரிய ‘ஏ’ போட்டுவிட்டாள். ‘மை ஃபாதர்’ என்பதைச் சின்ன ‘எஃப்’பில் மாற்றத்தான் மனசு வரவில்லை. ரப்பரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “அப்பா கோவிச்சுக்க மாட்டாரா?” என்றாள். அப்பா பெயரையும் பக்கத்தில் எழுதேன் என்றேன். ‘மை ஃபாதர்ஸ் நேம் இஸ் முருகன்’. ‘எஃப்’ சின்னது. ‘எம்’ முதல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.