கூரை வீடு பத்திக்கிச்சுன்னா ஃபயர் வண்டி வர்றதுக்குள்ள ஊர்க்காரங்க செய்யவேண்டியது

எங்க ஊரு வலங்கைமான் பக்கம். போன சித்திரையில எங்க தெருவுல ஒரு கூரை வீடு எரிஞ்சுது, அன்னிக்கு நாங்க பண்ண தப்ப நீங்களும் பண்ணிடக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல ஆளுங்கள வெளிய கொண்டாங்க. பீரோ, பத்திரம், நகைன்னு திரும்ப உள்ள ஓடாதீங்க. கீத்துல தீ எவ்வளவு வேகமா ஓடும்னு நம்ம டெல்டாக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம், 2004 ஜூலை 16 கும்பகோணத்துல ஒரு பள்ளிக்கூடத்து சமையல்கட்டு தீ கூரையில ஏறித்தான் 94 புள்ளைங்க போச்சுங்க. மாடு கட்டியிருந்தா முடிச்சு அவுத்துக்கிட்டு நிக்காம கயிற அறுத்து விடுங்க.

உடனே 101, இல்லன்னா 112. "நல்லூர்ல தீ"ன்னு மட்டும் சொன்னா எந்த நல்லூர்னு அவங்களுக்கு எப்படி தெரியும், தஞ்சாவூர் திருவாரூர் சுத்தி ஒரே பேர்ல எத்தனை ஊர் இருக்கு. தாலுகா, பக்கத்து பெரிய ஊர், கோயில், எரியிறது கூரையா ஓடா, உள்ள ஆள் இருக்கா, சிலிண்டர் இருக்கா எல்லாம் சொல்லுங்க. முக்கியமா எந்த மதகு வழியா பெரிய வண்டி வரும்னு சொல்லுங்க. நாங்க அத சொல்லல, வண்டி வாய்க்கா பாலத்துல திரும்ப முடியாம ரிவர்ஸ் எடுத்து சுத்தி வந்துச்சு, அதுக்குள்ள ரெண்டாவது வீடும் பத்திக்கிச்சு. மெயின் ரோட்டு முக்குல ஒரு பையன பைக்கோட நிறுத்துங்க, ரோட்டுல காயப்போட்ட நெல்லையும் வைக்கோலையும் ஒதுக்குங்க, டூவீலர எல்லாம் தள்ளி வைங்க.

கரண்ட் ஆஃப் ஆகாம தண்ணி ஊத்தாதீங்க, லைன்மேனுக்கோ மின்வாரிய நம்பர் 94987 94987க்கோ போன் போடுங்க, நீங்களா டிரான்ஸ்ஃபார்மர்ல கைய வைக்காதீங்க.

தண்ணிதான் பெரிய விஷயம். வண்டியில இருக்கிற டேங்க் தண்ணி சீக்கிரமே தீந்துடும், அப்புறம் குளத்துல ஓஸ் இறக்கித்தான் இழுக்கணும். சித்திரை வைகாசியில மேட்டூர் தண்ணி வராம வாய்க்கா காஞ்சு கெடக்கும், அதனால எந்த குளத்துல தண்ணி நிக்கிது, எந்தக் கரை வண்டிய தாங்கும்னு முன்னாடியே பாத்து வைங்க. குளம் பூரா ஆகாயத்தாமரையா இருந்தா ஓஸ் நுனியில இருக்கிற சல்லடை அடைச்சிக்கும், எங்க ஊர்ல ஒரு அண்ணன் இடுப்பளவு தண்ணியில நின்னு ரெண்டு கையாலயும் அத விலக்கிக்கிட்டே இருந்தாரு, அவரு இல்லன்னா பம்பு நின்னுருக்கும். பக்கத்துல போர்செட் இருந்தா அதையும் ரெடியா வைங்க.

வந்தவங்க மொதல்ல பக்கத்து வீட்டுக் கூரைய நனைப்பாங்க. "எரியிற வீட்ட விட்டுட்டு அங்க ஏன் அடிக்கிறீங்க"ன்னு சண்டைக்குப் போகாதீங்க, காத்துல பறக்குற கங்கு அடுத்த கூரையில விழுந்தா தெருவே போயிடும். அவங்க வர்ற வரைக்கும் நீங்களும் அதையே செய்யலாம், ஈரச்சாக்கு போடுங்க, குடம் குடமா ஊத்துங்க, தீ இன்னும் வராத பக்கம் துரட்டியால கீத்த இழுத்துப் போடுங்க. சிலிண்டர் தீக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா கிட்டவே போகாதீங்க, எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க.

தீக்காயத்துல பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் தடவாதீங்க, 20 நிமிஷம் சாதாரண தண்ணி ஊத்திக்கிட்டே 108க்கு சொல்லுங்க.

நிவாரணத்துக்கு விஏஓகிட்ட அன்னிக்கே சொல்லிடுங்க. வண்டி போனப்புறமும் ராத்திரி ரெண்டு பேர் முழிச்சிருங்க. எங்க தெருவுல விடியக்காலை நாலு மணிக்கு வைக்கோப்போருக்குள்ளேருந்து திரும்ப புகைஞ்சுது, ஆள் இருந்ததால நாலு குடத்துல அணைஞ்சுது.