டிவியில் கோடுகோடாகத் தெரிந்த பழைய கேம்: என் அனுபவம்

நான்கு நாள் போன பிறகு ஒருவழியாகச் சரியாகிவிட்டது, பெரிய நிம்மதி. என் பழைய கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 1-ஐப் புது எச்டி டிவியில் மாட்டினேன். படம் மங்கல், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அடிபட்ட கதாபாத்திரம் மின்னி மின்னி மறைய வேண்டிய இடத்தில், உடம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிடைக்கோடுகளோடு அப்படியே நின்றது.

முதலில் கேம் வட்டைப் படிக்கும் லென்ஸைச் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன். டிவியில் கேம் மோடு போட்டேன். பட்டன் தாமதம் குறைந்தது, கோடு போகவில்லை. பழைய ஏவி சிக்னலை எச்டிஎம்ஐ-ஆக மாற்றும் மலிவான கன்வெர்ட்டரிலும் அதே கதை.

அப்புறம்தான் கவனித்தேன்: அசையாத மெனுவில் கோடே இல்லை. மின்னும் உருவம் ஒரு ஃபிரேமில், அதாவது ஒரு தனிப் படத்தில், இருக்கும், அடுத்ததில் இருக்காது. இந்த கேம் அனுப்புவது 240பி, அதாவது 240 வரி கொண்ட படங்கள், ஒவ்வொன்றும் முழு ஃபிரேம். டிவியோ அதை 480ஐ (ஒரு படத்தின் ஒன்றுவிட்ட வரிகளை இரண்டு தவணையாக அனுப்பும் முறை) என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை வரிக்கு வரி பின்னிவிடுகிறது. கன்வெர்ட்டர் செய்ததும் இதே வேலைதான்.

சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கொண்டுபோகும் ஆர்ஜிபி கேபிளும், 240பி-யைச் சரியாக அடையாளம் காணும் லைன் டபுளரும் வாங்கினேன். அது ஒவ்வொரு வரியையும் இரண்டாக்கி, 480 வரி முழுப் படமான 480பி-யாக எச்டிஎம்ஐயில் தருகிறது. ஃபிரேமைச் சேமித்து வைப்பதில்லை, அதனால் அதன் பங்குக்குத் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். கடைசியாக டிவியில் படத்தின் அகல-உயர விகிதத்தைப் பழைய டிவி மாதிரி 4:3 என்று வைத்தேன். இப்போது உருவம் ஒழுங்காக மின்னுகிறது.